யாரும் ஆயில் ஊற்றக் கூடாது

ட்வைலா ஹோலுப்பின் பிக்கப் வண்டி ஆயில் குடிக்கிறது என்ற செய்தியை எங்கள் கூட்டுறவுக் கடையில் அவிழ்த்துவிட்டது அவள் புருஷன் டெல்மர்தான். காலை ஆறரை மணிக் காப்பிக்குக் கூடும் கூட்டத்தில் ஒன்றைச் சொல்லிவைத்தால், மதியச் சாப்பாட்டுக்குள் அது மாவட்டத்தின் கடைசி வேலி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அது டெல்மருக்கும் தெரியும். ஒரு கோவேறு கழுதை உதைத்து இடுப்பெலும்பு முறிந்து, பத்து மாதமாகக் கைத்தடியோடு கிடக்கிற மனிதனுக்குப் பேச்சை விட்டால் வேறென்ன இருக்கிறது?

"எண்ணூறு மைலுக்கு ஒரு குப்பிய்யா," என்றான். "நாலு வருசத்து வண்டி. நான் குடிச்ச காலத்துல கூட இப்படிக் குடிச்சதில்ல."

"கீழ ஒழுகுதோ?"

"ஒரு சொட்டு கிடையாது. அடியில அட்டைய விரிச்சுப் பாத்தாச்சு. அம்புட்டும் உள்ளயே எரியுது. காலைல ஸ்டார்ட் பண்ணா பின்னால நீலமா ஒரு பொகை வருது பாரு."

எல்லோரும் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உச்சுக்கொட்டினார்கள். கல்லாவுக்குப் பின்னால் நின்று நானும் கொட்டினேன்.

ட்வைலா குதிரைக்கு லாடம் அடிக்கிறவள். நெப்ராஸ்கா மணற்குன்றுப் பக்கத்தில் மாடு மேய்க்கிறவன் எவனானாலும் குதிரை இல்லாமல் முடியாது. அந்தக் குதிரைகளுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்கி லாடம் மாற்றியாக வேண்டும். எண்பது மைல் சுற்றளவில் அதைச் செய்ய அவள் ஒருத்திதான். வண்டியின் பின்பெட்டிதான் அவள் பட்டறை. பட்டறைக்கல், கேஸ் உலை, அரம், குறடு, லாடக்கம்பி எல்லாம் அதில். ஒரு பண்ணையில் ஏழு குதிரை, அடுத்ததில் நாலு, நடுவே நாற்பது மைல் காற்றும் புல்லும். குதிரைக் காலைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அவள் குனிந்தால், தீய்ந்த குளம்பின் நாற்றத்தோடு ஒரு மணி நேரம் கழித்துத்தான் நிமிர்வாள். அவள் குனிந்திருக்கும் நேரத்தில் பண்ணைக்காரர்கள் அவளுடைய வண்டிக் கண்ணாடியைத் துடைத்து, டயரில் காற்று பார்த்து, முன் ஸீட்டில் ஒரு பை தக்காளியை வைத்துவிடுவார்கள். யாரும் அதைச் சொல்லிக்காட்ட மாட்டார்கள். அவளும் நன்றி சொல்ல மாட்டாள். எங்கள் ஊரில் அது அப்படித்தான்.

டெல்மர் விழுந்த பிறகு அந்த வீட்டின் அடுப்பு எரிவது அந்த வண்டி ஓடுவதால்தான். புது இன்ஜின் போடும் வசதி அவர்களுக்குக் கிடையாது. வாரண்டி அறுபதாயிரம் மைலோடு முடிகிறது. வண்டி அப்போது ஐம்பத்தைந்தாயிரத்து அறுநூறில் நின்றது.

செப்டம்பர் நடுவில் தீவன மூட்டை இறக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அடுப்படியில் புருஷன் பெண்டாட்டி இருவரும் அதைப் பற்றித்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். டெல்மர் முட்டைக்கோசையும் கறியையும் வதக்கி ரொட்டி மாவில் பொதிந்து அடுக்கிக்கொண்டிருந்தான். இடுப்பு போனதில் ஒரு நல்லது, அவனுக்குச் சமையல் வந்துவிட்டது.

"வேற ஊர்ல கொண்டுபோய் இதத் தள்ளிவிட்டுட்டு வேற வண்டி மாத்திட்டு வந்துரலாம் ட்வைலா. ஒரு குப்பிய ஊத்தி, பொகைய அடக்கிட்டுப் போய் நிறுத்து. எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"நொண்டிக் குதிரைக்கு ஊசியப் போட்டு சந்தைல நடக்கவச்சு வித்தானே ஒருத்தன், அவன என்ன சொன்ன நீ?"

"அது குதிரை."

"என்ன சொன்னன்னு கேக்குறேன்."

டெல்மர் மாவைப் பார்த்தான். "அவன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"அப்ப உன் மூஞ்சில நான் முழிக்கணுமா வேணாமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தீவன மூட்டையைப் பார்த்தேன். அத்தோடு விற்கிற பேச்சு முடிந்தது.

வண்டி வாங்கிய டீலர் கடை தொண்ணூறு மைலுக்கு அப்பால் இருந்தது. அங்கே சர்வீஸ் பார்க்கிறவன் கென்ட் என்ற பையன். பளபளவென்று சட்டை, கையில் குறிப்பெழுதும் அட்டை. அவன் சட்டத்தை எடுத்து வைத்தான். ஆயில் மாற்றி, அளவு பார்க்கும் கம்பியில் இருக்கும் கோடு வரை நிரப்பித் தருவார்கள். ஈராயிரம் மைல் ஓட்டிவிட்டு வர வேண்டும். நடுவில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. ஈராயிரம் மைலுக்கு ஒரு குப்பி வரை குறைந்தால் அது நார்மல். அதற்கு மேல் குறைந்தால் கம்பெனியே இன்ஜினைத் திறந்து பிஸ்டன் ரிங்கு எல்லாம் புதிதாகப் போட்டுத் தரும்.

ட்வைலா சரி என்று வந்துவிட்டாள். இந்த விஷயத்தை டெல்மரிடம் மட்டும் சொன்னாள், ஊரில் உளறக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஏற்கெனவே அவன் வாயால் பட்டது போதும் என்று நினைத்தாள். அதுதான் பிசகு.

இரண்டரை வாரம் அவள் எப்போதும்போல ஓடினாள். பத்தொன்பதாம் நாள் மத்தியானம் என் கடைக்குள் வந்து, மாட்டுக்கு நக்கக் கொடுக்கும் உப்புக்கட்டி அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆர்வில் க்ரோக்கரும் இன்னும் நாலைந்து பேரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, எந்தக் குதிரையாச்சும் ஒதச்சிருச்சா?" என்றார் ஆர்வில். எழுபத்திரண்டு வயது, ஊரிலேயே பெரிய மந்தை அவருடையது, ஊரிலேயே பழைய தொப்பியும் அவருடையதுதான்.

"குதிரை ஒதச்சா தாங்கிருவேன் மாமா." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சோதனையை, ஈராயிரம் மைலை, கென்ட் கம்பியை உருவிப் பார்த்து அவளிடம் நீட்டியதை. "கால் குப்பி கூடக் கொறையல அண்ணே," என்றாள் என்னைப் பார்த்து. "'வண்டி கன்னுக்குட்டி மாதிரி இருக்கு மேடம், நீங்கதான் மனசப் போட்டுக் கொழப்பிக்கிறீங்க'ன்னு சிரிக்கிறான். எண்ணூறு மைலுக்கு ஒண்ணுன்னு நாலு மாசம் என் கையால ஊத்திருக்கேன். எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? சொல்லுங்க."

எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்விலின் காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

நான் திரும்பி என் அலமாரியைப் பார்த்தேன். அங்கேதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் ஓட்டுவதெல்லாம் டீசல். அதற்கு ஊற்றுவது கனமான ஆயில். ட்வைலாவின் பெட்ரோல் வண்டிக்கு வேண்டிய மெல்லிய ஆயில் மாதத்துக்கு இரண்டு குப்பி விற்றால் அதிகம். இந்த இரண்டரை வாரத்தில் அந்தத் தட்டு காலி. ஒவ்வொன்றாக, ஒற்றைக் குப்பியாகப் போயிருக்கிறது.

"ஆர்வில்," என்றேன், "போன செவ்வாக்கெழம ஒரு குப்பி வாங்கினீங்களே, எதுக்கு?"

"டிராக்டருக்கு."

"உங்க டிராக்டருக்கு அது தண்ணி."

"சின்ன டிராக்டர்."

ட்வைலா தலையைத் தூக்கினாள். "மாமா."

"அரைக் குப்பிதாம்மா!" என்று வெடித்தார் ஆர்வில். "நீ அந்தச் செவலைக்கு லாடம் அடிச்சிக்கிட்டிருந்த. கண்ணாடி தொடச்சேன். சரி, பானெட்டையும் ஒரு எட்டு பாப்பமேன்னு தொறந்தேன். கம்பில ஆயில் கீழ நிக்குது. பாத்துட்டு எப்படிச் சும்மா விடுறது? எங்க வீட்டு வேலைக்கு வந்த பொண்ணு வழில நின்னுபோச்சுன்னா நான் தூங்குவனா?"

"நான் கால் குப்பிதான்," என்றான் அவருக்குப் பக்கத்தில் இருந்த லாவெர்ன்.

"எங்க வீட்டுக்காரி ஊத்துனா. நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்றான் இன்னொருவன்.

"பொய். நீதான் புனல் புடிச்சன்னு அவ சொன்னா."

ஒவ்வொருவராக அவிழ்ந்தது. எட்டுப் பண்ணை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் வண்டி குடித்ததெல்லாம் அப்படியே திரும்பி உள்ளே போயிருக்கிறது. ட்வைலா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் என்னிடம் நின்றாள். நான் நல்லவன்போல நின்றுகொண்டிருந்தேன். முடியவில்லை.

"லாட ஆணி வாங்க வந்தியே, அன்னைக்கு," என்றேன். "நீ உள்ள ஆணி பொறுக்கிக்கிட்டு இருந்தப்ப. கொஞ்சமாத்தான்."

"அடப்பாவிகளா!" அவள் எழுந்துவிட்டாள். "பாவிகளா! ஊர் மொத்தமும் சேந்து என் குடியக் கெடுத்திட்டீங்களே! ஒருத்தருக்காச்சும் வாயில சொல்லணும்னு தோணலையா?"

"சொல்லிட்டா செய்வாங்க?" என்றார் ஆர்வில், உண்மையாகவே புரியாமல்.

அவள் அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்தது. ஆனால் தோள் குலுங்கியது சிரிப்பில். சிரித்து முடித்து, மூக்கைத் தோல் மேலங்கியில் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள். "ஐம்பத்தேழாயிரத்து எழுநூறு ஓடிருக்கு. இன்னொரு தடவ ஈராயிரம் ஓட்டுனா ஐம்பத்தொன்பதாயிரத்து எழுநூறு. அதுக்கப்புறம் வாரண்டி முந்நூறு மைல்தான் மிச்சம். இன்னொரு வாய்ப்பு கெடையாது. இனிமே எவனாச்சும் என் பானெட்ட தொட்டீங்க, உங்க குதிரைங்க வெறுங்கால்ல நடக்கட்டும்."

மறுநாளே கென்டிடம் போய் மறுபடி ஆயிலைக் கோடு வரை நிரப்பிக்கொண்டாள். கம்பியிலும் ஆயில் மூடியிலும் அடியில் ஆயிலை வடிக்கும் திருகியிலும் மஞ்சள் சாயம் பூசச் சொன்னாள், யாராவது திறந்தால் சாயம் உடைகிற மாதிரி. "அதெல்லாம் வேணாம் மேடம், உங்கள நாங்க நம்புறோம்," என்றானாம் அவன். "என்னைய நம்பலாம் தம்பி. எங்க ஊர நம்பக் கூடாது," என்றாளாம் இவள். அவள் கிளம்பும்போது அவன் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட்டான். ஆயில் தீர்ந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். எரிய எரிய ஓட்டினால் இன்ஜின் போய்விடும், கம்பெனியும் கையை விரித்துவிடும்.

நான் ஆயில் தட்டை மறுபடி நிரப்பிவிட்டு, கல்லாமேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: ட்வைலாவின் வண்டிக்கு யாரும் ஆயில் ஊற்றக் கூடாது. அதன் கீழே யாரோ பென்சிலால் எழுதினார்கள்: பார்க்கவும் கூடாது.

அந்த அக்டோபர் எங்கள் ஆட்களுக்கு வந்த சோதனையை என்னவென்று சொல்ல! தினமும் பார்க்கிற வேலையைப் பார்க்காதே என்றால் கை நிற்குமா? லாவெர்ன், அவள் குனிந்திருந்த ஒரு மணி நேரமும் தன் வண்டியின் ஆயிலை ஆறு தடவை பார்த்தானாம். ஆர்வில் தினமும் போன் போட்டு, "எத்தன மைலு ஆச்சு?" என்பார். எண்ணைச் சொன்னால் பெருமூச்சு விட்டு வைத்துவிடுவார். வண்டிப் புகை வரவர நீலமானது. காலையில் அது எங்கள் கடையைத் தாண்டிப் போகும்போது காப்பிக் கூட்டம் மொத்தமும் ஜன்னலில் நிற்கும்.

மாதக் கடைசியில் காற்று வடக்கே திரும்பி, பருவத்துக்கு முந்தியே பனி தூற ஆரம்பித்தது. அன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஆர்வில் போன் பண்ணினார். மூச்சு வாங்கியது.

"ஆர்லன், வெளக்கு எரிஞ்சிருச்சு."

"எங்க?"

"எங்க மேட்டுலதான். ஏறும்போது செவப்பு. அந்த நிமிசமே நிறுத்திட்டா. அங்கேர்ந்து நடந்தே எங்க வீட்டுக்கு வந்தா. ஆயிரத்து எண்ணூத்து இருபது மைலு. டீலர் கடைக்குப் பேசிருக்கா. இழுவ வண்டியோட அந்தப் பயலே வாரானாம்." கொஞ்சம் நிறுத்தி, "நான் தொடல ஆர்லன். நூறடி தள்ளியே நின்னு பாத்துட்டு வந்தேன்," என்றார்.

ஆர்வில் வீட்டுப் போனில் பேசியது ஊரிடமே பேசியதுபோல. நான் கடையைச் சாத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது மேட்டுச் சாலையின் இரு ஓரமும் பதினெட்டு வண்டி நின்றது. நடுவே ட்வைலாவின் வண்டி, முன்கண்ணாடியில் பனி படிந்து. அதற்கு முன்னால் டெல்மர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைத்தடியைத் துப்பாக்கிபோல மடியில் வைத்திருந்தான்.

"எவனாச்சும் கிட்ட வந்தா முட்டியப் பேத்துருவேன்," என்றான். "எனக்கு இடுப்புதான் போச்சு, கை நல்லாத்தான் இருக்கு."

"நாங்க என்ன திருடவா வந்தோம்?"

"திருட வந்தாக்கூட விட்டுருவேன். ஊத்த வந்தாத்தான் விடமாட்டேன்."

ட்வைலா சிரிக்கவில்லை. கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலையையே பார்த்தபடி நின்றாள். கிட்டப் போனேன்.

"ஈராயிரம் ஆகலையே அண்ணே," என்றாள் தணிந்த குரலில். "நூத்தியெண்பது கொறையுதுன்னு சொல்லிட்டான்னா? இன்ஜினும் வெந்து கெடந்துச்சுன்னா? சட்டுனுதான் நிறுத்தினேன். சட்டுனு நிறுத்தினேன்ல?"

"அதுக்குள்ள நிறுத்திட்டம்மா," என்றேன். எனக்கென்ன தெரியும், நான் அங்கே இருந்தேனா? ஆனாலும் சொன்னேன்.

ஆர்வில் வீட்டம்மா பெரிய பானை நிறைய மிளகாயும் மொச்சையும் போட்ட மாட்டுக்கறிக் குழம்பும், ஒரு தட்டு லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருளும் கொண்டுவந்து வண்டிப் பலகையில் வைத்தாள். குழம்பில் இனிப்பு ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். அந்தப் பனியில் அதைவிட ருசியான சாப்பாடு உலகத்தில் கிடையாது. ட்வைலா மட்டும் ஒரு வாய்கூடத் தொடவில்லை.

பதினொன்றரைக்கு கென்ட் வந்தான். இழுவை வண்டியிலிருந்து இறங்கியவன் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டான்.

"என்ன மேடம், யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இன்னும் தெரியல. நீதான் பாத்துச் சொல்லணும்," என்றாள்.

டெல்மர் நாற்காலியை நகர்த்தினான். கென்ட் பானெட்டைத் திறந்து முதலில் சாயத்தைப் பார்த்தான். கம்பியில், மூடியில், பிறகு பனியில் மல்லாந்து படுத்து அடியில் இருக்கும் திருகியில். எழுந்து தலையசைத்தான். "யாரும் தொடல." கூட்டத்தில் பெருமையாக ஒரு முனகல் போனது. சாயத்தை உடைத்துக் கம்பியை உருவினான். காய்ந்திருந்தது. துடைத்து மறுபடி விட்டு உருவினான். நுனியில்கூட ஈரமில்லை. அவன் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"அளந்து ஊத்தித்தான் சொல்ல முடியும்," என்று திரும்பியவன் தலையைச் சொறிந்தான். "அவசரத்துல கெளம்பிட்டேன். நான் ஆயில் கொண்டுவரலையே..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. பதினெட்டு கோட்டுகளுக்குள்ளிருந்து பதினெட்டுக் குப்பி வெளியே வந்தது. இருபது நாளாக ஊற்ற முடியாமல் கையை அடக்கிவைத்திருந்த மனிதர்கள்! ட்வைலா வாயைப் பொத்திக்கொண்டாள். கென்ட் பயந்து ஓரடி பின்னால் போனான்.

"என்னோடத எடுத்துக்க தம்பி, மூடி உடைக்காதது."

"அவன் குப்பி போன வருசத்துது. இந்தா, இதப் புடி."

"வயசுக்கு மரியாத இல்லையா?" என்று ஆர்வில் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். கென்ட் மேல்தாளைப் படித்துப் பார்த்து, அவர் குப்பியை வாங்கிக் கவிழ்த்தான்.

"ஒண்ணு!" என்றது கூட்டம்.

கொஞ்சம் பொறுத்துக் கம்பியைப் பார்த்தான். கோட்டுக்கு எங்கோ கீழே. ட்வைலா டெல்மரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றோடு நின்றால் நார்மல். லாவெர்ன் குப்பி கவிழ்ந்தது.

"ரெண்டு!"

இன்னும் கோடு வரவில்லை. மூன்றாவது குப்பியை என்னிடமிருந்து வாங்கினான். ஆமாம், நானும்தான் கொண்டுபோயிருந்தேன். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஊற்றுவான், பார்ப்பான், துடைப்பான். முக்கால் குப்பியில் ஆயில் கோட்டைத் தொட்டது.

கென்ட் அட்டையில் எழுதினான். "ஆயிரத்து எண்ணூத்து இருபது மைலுக்கு ரெண்டே முக்கால்." ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, காதை வைத்துக் கேட்டான். இன்ஜின் நீலமாக ஒரு புகையைத் துப்பிவிட்டு ஓடியது, தட்டும் சத்தமில்லாமல். "நல்ல நேரத்துல நிறுத்திருக்கீங்க. ஈராயிரம் ஓட்டணும்னு அவசியமில்ல மேடம், இதே ரெண்டு பங்குக்கு மேல." அட்டையை மூடி அவளை நேராகப் பார்த்தான். "இது நார்மல் இல்ல. அன்னைக்கு நான் பேசுனதுக்கு மன்னிச்சிருங்க. எல்லாத்தையும் கம்பெனியே போட்டுத் தரும்."

மணற்குன்றில் அப்படி ஒரு கூச்சலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. தொப்பிகள் பனிக்குள் பறந்தன. வேலிக்கு அந்தப்பக்கம் மேய்ந்த மாடுகள் ஓட்டம் பிடித்தன. ட்வைலா பானெட்டின்மேல் கையை வைத்தாள், வலி தீர்ந்த குதிரையின் கழுத்தில் வைப்பதுபோல. அப்புறம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் பனியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். டெல்மர் குனிய முடியாமல் குனிந்து அவள் தலையைத் தொட்டான்.

"நொண்டிக் குதிரைய நல்லாக்கிட்டடி," என்றான்.

"பசிக்குது," என்றாள் அவள்.

வண்டி பன்னிரண்டு நாள் டீலர் கடையில் கிடந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் வேலை நிற்கவில்லை. பட்டறைக்கல்லையும் உலையையும் எங்கள் கடைக் கொட்டகையில் இறக்கிவைத்தோம். அவள் குதிரைகளைத் தேடிப் போவது போய், குதிரைகள் அவளைத் தேடி வந்தன. வரிசை தீவனக் கிடங்கு வரை நின்றது. கடை முழுக்கத் தீய்ந்த குளம்பு நாற்றம். மேலிடத்திலிருந்து வந்த மேலாளர் மூக்கைப் பிடித்தார். அவருடைய மகளின் மட்டக்குதிரைக்கும் லாடம் அடித்து அனுப்பியதும் கையை எடுத்துவிட்டார்.

புது ரிங்கோடு வண்டி திரும்பி வந்து, டிசம்பர் நடுவில் ஒரு காலை, காப்பி நேரத்தில் ட்வைலா கடை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். எல்லோரும் வெளியே போனோம். குளிரில் ஸ்டார்ட் ஆகி வந்த வண்டிக்குப் பின்னால் வெறும் வெள்ளை ஆவி. நீலம் எங்கேயும் இல்லை.

"இன்னையோட ஈராயிரம் மைலு," என்று பானெட்டைத் தூக்கினாள். எட்டிப் பார்த்தோம். கம்பியின் வளையத்துக்கும் ஆயில் மூடிக்கும் நடுவே ஒரு கறுப்பு மயிர் இழுத்துக் கட்டியிருந்தது. மூன்று முடிச்சு.

"என்னம்மா இது?"

"உங்க கறுப்புக் குதிரையோட வால்மயிர் மாமா. என் முடிச்சு. எவன் தொட்டாலும் அறுந்துபோகும்." குறட்டால் அதை வெட்டிவிட்டுக் கம்பியை உருவினாள். ஆயில் கோட்டின் மேல் அப்படியே நின்றது, ஒரு மயிரிழைகூட இறங்காமல். கம்பியை எங்கள் மூக்குக்கு நேராக ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டே வந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை டிசம்பர் குளிர் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆர்விலுக்கு மட்டும் மனத்தாங்கல். "அப்ப எங்கள நம்பல நீ."

"உங்க மனச நம்புறேன் மாமா," என்றாள் ட்வைலா. "உங்க கையத்தான் நம்பல."

ஆர்வில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு கடைக்குள் போய், கோட்டுக்குள் கையை விட்டு, மறுபடி வாங்கிவைத்திருந்த, மூடி உடைக்காத ஒரு குப்பியை எடுத்து என் கல்லாமேல் வைத்தார்.

"இதத் திருப்பி எடுத்துக்குவியா ஆர்லன்? என் டிராக்டருக்கு இது தண்ணி."

விற்றதைத் திருப்பி எடுப்பது எங்கள் கடை வழக்கமில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் லாவெர்ன் நின்றான், அவனுக்குப் பின்னால் வாசல் வரை ஆள் நின்றது, ஒவ்வொருவர் கையும் கோட்டுக்குள். நான் எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் அடுக்கினேன். கடைசியாகக் கல்லாவுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த என்னுடைய புதுக் குப்பியையும் எடுத்து அந்த வரிசையில் வைத்தேன்.